பதினெட்டாவது கேள்வி

கல்யாண வீட்டு மொய் நோட்டைப் புரட்டியிருக்கிறீர்களா? வந்தவர் வந்த வரிசையில் எழுதியிருப்பார்கள். பத்து வருஷம் கழித்து, 'இந்த ஆள் நமக்கு எவ்வளவு செய்தான்?' என்று பார்க்கும்போதுதான் அவஸ்தை தெரியும். முதல் பக்கத்தில் விரலை வைத்துக் கடைசிப் பக்கம் வரை இறக்கிக்கொண்டே வரவேண்டும். ஆள் கடைசிப் பந்திக்கு வந்தவனாக இருந்தால் தொலைந்தோம். அத்தனை தேடிய பிறகு ஐம்பத்தோரு ரூபாய் என்று தெரியும்போது வரும் ஆத்திரம் தனி.

அகராதியில் இந்தத் தொல்லை கிடையாது. 'மயில்' என்ற சொல்லுக்காக யாரும் 'அ'விலிருந்து வாசிப்பதில்லை. குத்துமதிப்பாக நடுவில் பிரிக்கிறோம். 'த' வருகிறது. சரி, முன்பாதி வேண்டாம். மிச்சத்தில் நடுவே பிரிக்கிறோம். 'வ' வந்துவிட்டது. பின்பாதி வேண்டாம். இப்படி நாலு தடவை பிரித்தால் மயில் தோகை விரித்து நிற்கும்.

இந்தச் சௌகரியம் நமக்குச் சும்மா வந்துவிடவில்லை. பழைய நிகண்டுகள் செய்யுளில் இருந்தன. தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர் என்று தொகுதி தொகுதியாகப் போகும். நெட்டுருப் போட்டவனுக்குத்தான் வேண்டிய சொல் அகப்படும். 1594-ல் சிதம்பர ரேவண சித்தர் தன் 'அகராதி நிகண்டி'ல் சொற்களை முதலெழுத்து வரிசைப்படி அடுக்கினார். 1732-ல் வீரமாமுனிவரின் 'சதுரகராதி' வந்தது. அப்புறம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன், 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகள், லட்சம் சொற்களுக்கு மேல்.

லட்சம் சொல் என்றதும் மலைக்காதீர்கள். பாதி போட்டால் ஐம்பதாயிரம். அதில் பாதி இருபத்தைந்தாயிரம். இப்படிப் பதினேழு தடவை பாதி போட்டால் கையில் ஒரே ஒரு சொல்தான் மிஞ்சும். அதாவது, பதினேழு கேள்வி கேட்டால் லட்சத்தில் ஒன்று அகப்படும். பத்து லட்சமாக இருந்தால்? கூட மூன்றே கேள்வி. கந்துவட்டிக்காரன் கணக்கை அப்படியே தலைகீழாகப் பிடித்த மாதிரி!

★

கம்ப்யூட்டர்காரர்கள் இதை பைனரி சர்ச் என்பார்கள். 1979-ல் வந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸிலேயே இதற்கென்று ஒரு குட்டிக் கட்டளை இருந்தது. பெயர் 'லுக்'. இன்றைக்கும் பல லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறது. வரிசையாக அடுக்கிய கோப்பையும் தேட வேண்டிய முதல் சில எழுத்துக்களையும் கொடுத்தால், நேரே நடுவில் குதித்து, பாதி பாதியாக வெட்டி, ஆளைப் பிடித்துக் கொடுத்துவிடும்.

அதற்கு ஒரு பங்காளி உண்டு. 'கிரெப்'. கென் தாம்ஸன் எழுதியது. இவர் மொய் நோட்டு ஆசாமி. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை விரலை இறக்கித்தான் தேடுவார். வரிசை கிரிசை எதுவும் அவருக்கு வேண்டாம்.

பாதி போடுவது கேட்க எளிது. எழுதிப் பார்த்தால் வழுக்கும். 1946-லேயே யோசனை வந்துவிட்டது. எந்த அளவுப் பட்டியலுக்கும் பிசகாமல் ஓடுகிற வடிவம் அச்சில் வருவதற்கு 1960-கள் ஆகிவிட்டன. ஜாவா மொழியோடு வந்த பைனரி சர்ச்சில் ஒரு பிழை பல வருஷம் தூங்கிக்கொண்டிருந்ததை ஜோஷுவா பிளாக் 2006-ல்தான் வெளியே சொன்னார். பட்டியல் பிரம்மாண்டமானால், நடு எது என்று கூட்டிப் பார்க்கும்போது எண் நிரம்பி வழிந்துவிடுமாம். நடு எது என்று கண்டுபிடிப்பதிலேயே தகராறு! நம் ஊர் வரப்புச் சண்டை மாதிரிதான்.

★

இனி எங்கள் ஊர்க் கதை. திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போகிற ரோட்டில் கீழ்பென்னாத்தூர். கார்த்திகை தீபத்தன்று எல்லா பஸ்ஸும் எங்கள் ஊர் வழியாகப் போகும், ஒன்றிலும் ஏறமுடியாது. மற்ற நாட்களில் மல்லாட்டை. வெளியூர்க்காரர்களுக்கு நிலக்கடலை.

எங்கள் தெருக்காரர் ஒருவர் கமிஷன் மண்டி வைத்திருக்கிறார். பையன் எம்.சி.ஏ. முடித்துவிட்டு வேலை கிடைக்கும்வரை கல்லாவில் இருக்கிறான். அப்பாவின் பல வருஷக் கணக்கை ஒரே டெக்ஸ்ட் கோப்பாக்கி ஒரு பழைய கம்ப்யூட்டரில் போட்டிருந்தான். ஒரு வரவுக்கு ஒரு வரி. பெயர், ஊர், தேதி, மூட்டை, ரூபாய். மொத்தம் ஒரு லட்சத்து முப்பதாயிரம் வரி. இதற்கும் அதே பதினேழு கேள்விதான்.

"இதுக்கு எதுக்கு மாமா பெரிய சாஃப்ட்வேர்? லுக் போதும்" என்றான். போதும்தான். 'அண்ணாமலை' என்று தட்டினால் திரை கொள்ளாமல் வந்து விழும். எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒருவருக்காவது அந்தப் பெயர். மண்டிக்கு வருகிறவர்கள் பையனை மந்திரவாதியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

ஒரு நாள் ஒரு ஆயா வந்தது. பேத்திக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டவேண்டும். போன வருஷம் போட்ட மல்லாட்டைக்கு மண்டியில் விட்டுவைத்த பாக்கி, இருபத்தெட்டாயிரம். சீட்டு மழையில் நனைந்து போய்விட்டது. பெயர் எதற்கு, 'அன்ன' என்று ஆரம்பிக்கிற பெயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பையன் தட்டினான். திரையில் ஒன்றுமில்லை. மறுபடி தட்டினான். காலி.

"ஆயா, உங்க பேரு இல்லியே."

"ஏந்தம்பி, மூட்டைய எறக்கிக்கிறப்ப இருந்துச்சே, இப்ப இல்லியா?"

வேறு ஆளாக இருந்தால் அதோடு அனுப்பியிருப்பான். கிழவி திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டது. பேச்சுத்துணைக்குப் போயிருந்த நான், "உங்க பெரியவரைக் கூப்பிட்டுப் பாரேன்" என்றேன். பெரியவர் என்றால் கிரெப். முதல் வரியிலிருந்து நிதானமாக இறங்கி வந்தார். ஏழு வரி கொண்டுவந்து போட்டார். ஏழும் ஆயாவுடையது. பாக்கி, சொன்னபடி இருபத்தெட்டாயிரம்.

பையன் முகத்தில் ஈயாடவில்லை. இருக்கிற பெயரை லுக் ஏன் இல்லை என்றது?

★

விஷயம் 'ன'வில் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் என்ன படித்தோம்? க, ங, ச, ஞ என்று போய் ...ய, ர, ல, வ, ழ, ள, ற, ன. 'ன' கடைக்குட்டி. அப்பா வாசித்துப் பார்க்கத் தோதாக இருக்கட்டும் என்று பையன் கோப்பைத் தமிழ் அகரவரிசையில் அடுக்கியிருந்தான். நல்ல பிள்ளை.

ஆனால் கம்ப்யூட்டருக்குள் எழுத்து கிடையாது, எண்தான். யூனிகோடு 1991-ல் வந்தபோது இந்திய மொழிகளுக்கான எண்களை அதற்கு முன் இருந்த இஸ்கி என்ற இந்தியத் தர அட்டவணையை ஒட்டி அமைத்தார்கள். அது தேவநாகரி அடுக்கைப் பார்த்துச் செய்தது. அதில் 'ந'வுக்குப் பக்கத்து வீடு 'ன'. 'ர'வுக்குப் பக்கத்து வீடு 'ற'. 'ழ'வுக்கு முன்னாலேயே 'ள'. மெய்யெழுத்தின் புள்ளியோ எல்லா உயிர்க்குறிக்கும் பின்னால். அகராதியில் கண்ணன் முதலில், கணபதி அடுத்து. எண் வரிசையில் கணபதி முந்திக்கொள்வார். பிள்ளையார் ஆயிற்றே!

இப்போது லுக் செய்ததைப் பாருங்கள். பாதி பாதியாக வெட்டி 'அ' பகுதிக்குள் வந்தது. 'அம்மணி' மாதிரி ஒரு பெயரில் நின்றது. 'அன்ன' இதற்கு முன்னாலா, பின்னாலா? எண்படி 'ன' முன்னால், 'ம' பின்னால். ஆகவே முன்பாதிக்குப் போய்விட்டது. ஆயாவோ தமிழ் முறைப்படி கடைசியில் உட்கார்ந்திருக்கிறது. வேண்டாம் என்று தள்ளிய பாதியை லுக் திரும்பிப் பார்ப்பதே இல்லை. பார்த்தால் அப்புறம் வேகம் ஏது?

சூட்சுமம் இதுதான். வேகமாகத் தேடுகிறவன் பட்டியலைப் படிப்பதில்லை, வரிசையை நம்புகிறான். வரிசை வேறு மாதிரி இருந்தால் அவனுக்குத் தெரியவே தெரியாது. 'வரிசை சரியில்லை' என்று சொல்லமாட்டான். அடித்துச் சொல்வான், 'இல்லை' என்று. மெதுவாகத் தேடுகிறவனுக்கு இந்த ஆபத்து இல்லை. இன்றைய கம்ப்யூட்டரில் லட்சம் வரியெல்லாம் கிரெப்புக்குக் கண் சிமிட்டுகிற நேரம். கோடிக்கணக்கில் வரி இருந்து, ஓயாமல் தேடவேண்டியிருந்தால்தான் லுக்கின் அருமை தெரியும்.

யூனிகோடையும் வையவேண்டாம். எண் வரிசை வேறு, அகரவரிசை வேறு, அதற்குத் தனி விதி இருக்கிறது என்று அவர்களே சொல்லித்தான் வைத்திருக்கிறார்கள். பரிகாரமும் ஒரு வரிதான். அடுக்குகிற 'சார்ட்' கட்டளைக்கு முன்னால் 'எல்.சி. ஆல் ஈக்வல் டு சி' என்று சேர்த்தால், மொழி வழக்கத்தையெல்லாம் மறந்து எண்படி அடுக்கும். அடுக்கியது ஒழுங்காக இருக்கிறதா என்று சோதிக்க, அதே 'சார்ட்' கூட ஒரு 'மைனஸ் சி'. பையன் இப்போது இரண்டு கோப்பு வைத்திருக்கிறான். எண் வரிசையில் ஒன்று, மெஷினுக்கு. தமிழ் வரிசையில் ஒன்று, அப்பாவுக்கு. முன்பெல்லாம் ஒன்றிரண்டு பேர் அகப்படாதபோது 'ஸ்பெல்லிங் தப்பாயிருக்கும்' என்று விட்டிருந்தானாம். அவர்களையும் தேடி எடுத்துவிட்டான்.

பணத்தை எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டு ஆயா கேட்டது: "உம் பொட்டி எந்தப் பள்ளிக்கூடத்துல தம்பி படிச்சிது? அ, ஆ சரியா சொல்லிக்குடுக்கலியே!"

★

இது மண்டியோடு முடிகிற சமாசாரம் இல்லை. 2025 நவம்பர் 4-ல் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, ஊரே 2002, 2005 பட்டியல்களில் அப்பா அம்மா பெயரைத் தேடியது. அப்போது மாநிலத்தில் சுமார் 6 கோடியே 41 லட்சம் வாக்காளர்கள். அத்தனை பேரையும் பெயர் வரிசையில் அடுக்கினால் இருபத்தாறே கேள்வியில் ஆளைப் பிடித்துவிடலாம். ஆனால் அச்சடித்த பட்டியல் பெயர் வரிசையில் இல்லை. தொகுதி, பாகம், அதற்குள் தெரு, வீடு என்று போகிறது. வீடு வீடாகப் போய்ச் சரிபார்க்கிறவருக்கு அதுதான் வசதி. பெயரை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பக்கம் புரட்டுகிறவருக்கு அது மொய் நோட்டு.

எங்கள் ஊருக்கு இன்னொரு விசேஷம். கீழ்பென்னாத்தூர் சட்டமன்றத் தொகுதியே 2008 மறுவரையறையில் பிறந்தது. முதல் தேர்தல் 2011-ல். 2002 பட்டியலில் அந்தத் தொகுதிப் பெயரைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்? அப்பா இருக்கிறார், தொகுதிதான் பிறக்கவில்லை! ஊர்ப் பெயரையாவது ஒரே மாதிரி எழுதுகிறார்களா? ஒரு போர்டில் 'பென்னாத்தூர்', இன்னொரு போர்டில் 'பெண்ணாத்தூர்'. நடுவில் ஒரு 'ப்' இருந்தாலும் இருக்கும். மனிதன் மூன்றையும் ஒன்றாகப் படிப்பான். வரிசைப் பட்டியலில் மூன்றும் வெவ்வேறு இடத்தில் உட்காரும்.

ஆபீஸில் கவுண்ட்டருக்கு அந்தப் பக்கம் உட்காருகிற நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. திரை காலியாக இருந்தால் 'உங்க பேரு இல்லை' என்று சொல்லி அடுத்தவரைக் கூப்பிடாதீர்கள். எதிரே நிற்பவர் வந்த பஸ்ஸுக்கும் விட்ட கூலிக்கும் நீங்கள்தான் ஜவாப்தாரி. கம்ப்யூட்டர் தன் பதினேழு கேள்வியைக் கேட்டு முடித்துவிட்டது. 'எந்த வரிசையில் தேடினாய்?' என்பது பதினெட்டாவது கேள்வி. அதை நாம்தான் கேட்கவேண்டும்.

பி.கு.: மொய் நோட்டை மட்டும் அகரவரிசைக்கு மாற்றிவிடாதீர்கள். யார் எவ்வளவு செய்தார்கள் என்பது பதினேழு கேள்வியில் தெரிந்துவிட்டால், சொந்தபந்தம் தாங்காது!