காகங்களின் சாட்சியம்

1999-ம் வருஷம் கோடையில் நியூயார்க் நகரத்தில் காகங்கள் செத்து விழுந்தன. எவரும் அதனைப் பெரிய விஷயமாகக் கருதவில்லை. ஆகஸ்ட் மாதத்தில் குவீன்ஸ் பகுதியில் முதியோர் சிலர் மூளைக்காய்ச்சலுடன் ஆஸ்பத்திரியை அடைந்தனர். கொசுவினால் பரவும் ஸெயின்ட் லூயி மூளைக்காய்ச்சல் இது என்று அமெரிக்க ஸர்க்காரின் வியாதித் தடுப்பு ஸ்தாபனத்தார் செப்டம்பர் தொடக்கத்தில் முடிவு கூறினர். பிராங்ஸ் மிருகக்காட்சிசாலையில் நோய்க்கூறு ஆராயும் மிருக வைத்தியராயிருந்த டிரேஸி மக்னமாரா என்னும் மாது அதனை ஒப்பவில்லை. அங்கே பூநாரைகளும் நீர்க்காகமும் மடிந்தன. ஸெயின்ட் லூயி வியாதியோ பறவைகளைக் கொல்வதில்லை. அவர் சொல்லை முதலில் கேட்பாரில்லை. அம்மாதக் கடைசியில்தான் இரண்டும் ஒரே வியாதி என்பதும், அது 1937-ல் உகாண்டாவில் கண்டறியப்பட்ட வெஸ்ட் நைல் வைரஸ் என்பதும் வெளியாயின. அவ்வருஷம் நோயுற்றவர் 62 பேர். மாண்டவர் 7 பேர். முக்கிய சாட்சியை விசாரியாமலே தீர்ப்பு எழுதிய வழக்கு இது என்போம்.

அயல்நாட்டுக் கதையென்று நமது நேயர்கள் இதனைத் தள்ளிவிடலாகாது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவில் நோயாளிகளிடம் முதன்முதல் காணப்பட்டது 1955-ல், நமது வேலூர்ப் பக்கத்தில். நெல்வயல் நீரில் பெருகும் க்யூலெக்ஸ் கொசு அந்த வைரஸைக் கொக்கு, நாரைகளிடமிருந்து பன்றிகளுக்குக் கொண்டு சேர்க்கிறது. பன்றியின் ரத்தத்தில் அது பல்கி, மீண்டும் கொசுவின் வழியே குழந்தைகளைத் தாக்குகிறது. 2005-ல் உத்தரப் பிரதேசத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர், பெரும்பாலும் குழந்தைகள், மாண்ட பிறகே 2006-ல் தடுப்பூசி இயக்கம் தொடங்கிற்று.

காகத்தைப்போல் பன்றி சாவதில்லையே, அதனைப் பார்த்து என்ன தெரியும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். சினைப்பன்றி செத்த குட்டி ஈனுவதைத் தவிர வேறு குறி அநேகமாய் இராது. ஆனால் இளங்குட்டிகளின் ரத்தத்தில் எதிர்ப்பொருள் புதிதாகத் தோன்றுமானால், வைரஸ் அவ்வூரில் நடமாடுகிறதென்பதற்கு அதுவே ருஜு. மனிதரிலோ, தொற்றுக்கு ஆளான சுமார் 250 பேரில் ஒருவருக்கே நோய் கடுமையாய் வெளிப்படுகிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலை மட்டும் கவனித்திருப்பவருக்குச் செய்தி பிந்தியே கிட்டும்.

கால்நடை இலாகா ஒரு மந்திரியிடமும் சுகாதார இலாகா வேறொரு மந்திரியிடமும் இருப்பதை நாம் குறைகூறவில்லை. கால்நடை வைத்தியர் கண்டது அதே வாரத்தில் ஜில்லா சுகாதார அதிகாரிக்கு எட்டவேண்டும். அவர் கொசுவைப் பிடித்துச் சோதிக்கவும், ஊசி போடாத குழந்தைகளைத் தேடவும் கடமைப்பட்டவராதல் வேண்டும். மற்றொன்றும் உண்டு. பன்றி வளர்ப்போர் பெரும்பாலும் பரம ஏழைகள். சோதனைக்கு வருபவர் பன்றியைப் பிடித்துப் போய்விடுவாரென்ற அச்சமிருந்தால் அவர்கள் அதனை ஒளித்தே வைப்பார்கள். நஷ்டஈடு பற்றிய உத்தரவு முதலில் வெளிவரட்டும். வைத்தியர் பிறகு ஊசியுடன் போகட்டும்.