தாத்தாவோட மனசை எவன் கேட்டான்?

கடலூரில் ஒரு மாடி அறையில், சாயங்கால நேரத்தில், இங்கிலீஷ் பேசக் கற்றுக்கொடுத்துப் பிழைக்கிறவன் நான். வருகிறவர்களில் பெரும்பாலானோர் நர்சிங் முடித்த பெண்கள். இங்கிலாந்தில் போய் வேலை பார்க்க அய்.இ.எல்.டி.எஸ். மாதிரி ஒரு தேர்வைத் தாண்டியாக வேண்டும். அதில் பேச்சுக்கு மட்டும் 9-க்கு 7 வாங்க வேண்டும். கட்டணம் பதினேழாயிரத்துக்கு மேல். வட்டிக்கு வாங்கித்தான் கட்டுகிறார்கள்.

போன மாதம், சிதம்பரம் பக்கத்துக் காலனியிலிருந்து வரும் ஒரு பெண்ணிடம், வழக்கமாக வரும் கேள்வியைக் கேட்டேன். உனக்கு எந்த மாதிரி இசை பிடிக்கும்? இசை கேட்டால் உன் மூடு மாறுமா? ரத்த அழுத்தம் பார்ப்பதைப் பற்றிக் கேட்டால் கடகடவென்று சொல்லக்கூடிய பொண்ணு. வாயே திறக்கவில்லை. எல்லோரும் போனபிறகு சொன்னாள்: "எங்கப்பா சாவுக்கு மோளம் அடிக்கிறவரு சார். எனக்கு மூடு மாறுறது அந்தச் சத்தத்துலதான். அத அங்க போயி எப்பிடி சார் சொல்றது?"

இதற்கு முன்னால் அவள் படித்த இடத்தில் ஒரு பதில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மெல்லிசை பிடிக்கும், களைப்பாக இருக்கும்போது கேட்பேன், மனசு லேசாகும். இருபது பேருக்கும் இதே பதில். "மோளம் கீளம்னு சொல்லித் தொலைக்காத, நாசூக்கா பேசு" என்று அறிவுரை வேறு.

இந்த அறிவுரையைத்தான் நான் இங்கே கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது.

முதலில் தேர்வின் கணக்கு. 11 முதல் 14 நிமிடப் பேச்சு. மதிப்பெண் நான்கு விஷயங்களுக்கு: தடையில்லாமல் கோர்வையாகப் பேசுவது, சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு. உனக்குப் பிடித்தது வீணையா பறையா என்பதற்கு அங்கே மார்க்கே கிடையாது. மனப்பாடம் செய்ததை ஒப்பித்தால்தான் மார்க் போகும். அப்படியானால் அந்த வாத்தியாரின் பயம் தேர்வைப் பற்றியதல்ல. சேரியின் சத்தம் இங்கிலீஷுக்குள்ளும் நுழைந்துவிடுமோ என்ற பயம். கேள்வி சீமையிலிருந்து வருகிறது. பதிலுக்குத் தீட்டுப் பார்ப்பது ஊர்த்தெரு.

இசைக்கும் மனசுக்கும் உள்ள உறவை வெள்ளைக்காரன் வந்தா நமக்குச் சொல்ல வேண்டும்? தொல்காப்பியம் நிலத்தின் கருப்பொருளைச் சொல்லும்போது தெய்வம், உணவோடு பறையையும் சேர்த்தே சொல்கிறது. கடலூர்க் கடற்கரை நெய்தல் நிலம். அதன் உணர்வு இரங்கல். ஒரு வீட்டில் சாப்பறை, இன்னொரு வீட்டில் மணமுழவு என்று ஒரே ஊரின் இரண்டு மனநிலைகளை இசையை வைத்தே சொல்கிறது புறநானூற்றின் 194-ஆம் பாட்டு. பண்டிதர்கள் அதற்கு உரை எழுதினார்கள். பறையடிக்கிற கை இன்று எந்தத் தெருவில் இருக்கிறது என்று கேட்டால் பேச்சை மாற்றுவார்கள்.

எங்க தாத்தாவும் அடிச்சவருதான். ஊர்ப் பெரிய வீட்டில் ஒரு சாவு. அன்றைக்கு எங்கள் வீட்டில் என் அத்தை, ஆறு வயசுப் பிள்ளை, காய்ச்சலில் கண் செருகிக் கிடந்தது. ஆள் வந்து கூப்பிட்டான். வரமாட்டேன் என்று சொல்ல முடியுமா? வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சி, விடிய விடிய அடித்தார். திரும்பி வந்தபோது பிள்ளை இல்லை. பெரிய மனுசனுக்காக ஊரையே அழவைத்தவர், தன் பிள்ளைக்கு அழத் தெம்பில்லாமல் குந்தியிருந்தார் என்று பாட்டி சொல்லும்.

ஊராருக்கு மனநிலை உண்டு. அதை ஏத்தவும் எறக்கவும் நம்மாளு வேண்டும். நம்மாளுக்கு ஒரு மனசு உண்டா என்று எவன் கேட்டான்? அந்தக் கேள்வியை இந்தத் தாத்தாக்களின் பேத்திகளிடம் முதன்முதலாகக் கேட்பது ஒரு அந்நிய நாட்டுத் தேர்வு என்றால், வெட்கப்பட வேண்டியது யார்?

சிதம்பரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பெரியபுராணத்து நந்தன், கோயில் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் கொடுத்தவன். இசை உள்ளே, நந்தன் வெளியே. உள்ளே வர நெருப்பில் இறங்க வேண்டும் என்றது கதை. பின்னால் கோபாலகிருஷ்ண பாரதி அதைக் கீர்த்தனையாக்கினார், சபைகளில் உருகி உருகிக் கேட்டார்கள். அதே ஊரில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில், 1941-ல் தமிழிசை மாநாடு நடந்தது. மேடையில் தமிழுக்கு இடமில்லையா என்பது நியாயமான கேள்விதான். எந்த மொழி என்று கேட்டவர்கள் எந்தக் கை என்று கேட்கவில்லை. மிருதங்கம் செய்கிறவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா எழுதிய புத்தகத்தை வெளியிட இடம் தந்த சென்னை கலாக்ஷேத்ரா, 2020-ல் அந்த அனுமதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. காலம் மாறிவிட்டது என்கிறவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

நம்ம தரப்பிலிருந்தே ஒரு கேள்வி வரும். பறை அடிமைச் சின்னம், அதை விட்டொழி என்றுதானே போராடினோம்? காட்டுமன்னார்கோயில் பக்கத்து இளையபெருமாள் போன்றவர்கள் இந்த மாவட்டத்தில் பறையடிக்க மறுக்கச் சொன்னவர்கள்தானே? ஆமாம். அந்த மறுப்பு இல்லாவிட்டால் இந்தப் பொண்ணு பள்ளிக்கூடத்தையே தாண்டியிருக்காது. பிறகு 90-களில் அதே பறையைக் கலை இரவு மேடைகளில் நாமே எடுத்து அடித்தோம். 2025-ல் மதுரை வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். இவை ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. கூப்பிட்டால் போயாக வேண்டும் என்பது அடிமைத்தனம். மாட்டேன் என்று சொல்லும் உரிமையோடு அடிப்பது கலை. பத்மஸ்ரீ வந்தபிறகும் பல ஊர்களில் அந்த "மாட்டேன்" இன்னும் வரவில்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

அதனால் எல்லாப் பிள்ளைகளும் தேர்வில் போய்ப் பறையைப் பற்றித்தான் பேச வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நம்ம வலியைக் கடைவிரிக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. சினிமாப் பாட்டு பிடிக்கும் என்றால் அதையே சொல்லட்டும். ஆனால் எதைச் சொல்வது, எதை விடுவது என்று முடிவு செய்ய வேண்டியது அவள். வெட்கத்தை எழுதிக்கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்ல எவனுக்கும் உரிமையில்லை.

இங்கிலீஷும் எவன் அப்பன் வீட்டுச் சொத்தும் இல்லை. 1690-ல் கும்பினிக்காரன் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை வாங்கி, பீரங்கிக் குண்டு விழுந்த தூரம்வரை தன் ஊர் என்றான். அன்றைக்கே துபாஷிகளும் கணக்கர்களும் அந்த மொழியைப் பிடித்துக்கொண்டார்கள். அம்பேத்கர் அதே மொழியில்தான் நமக்கு நியாயம் கேட்டார்.

நேற்று அந்தப் பொண்ணு தன் பதிலைத் தானே தயார் செய்துகொண்டு வந்தாள். சுடுகாட்டுக்குப் போகிற அடி வேறு, எங்க தெரு மாரியம்மனுக்கு அடிக்கிற அடி வேறு. முன்னதில் அப்பா யாரையும் நிமிர்ந்து பார்க்க மாட்டார். பின்னதில் சிரிப்பார். எனக்கு அந்த ரெண்டாவது பிடிக்கும். இரண்டு இடத்தில் இலக்கணம் இடறியது, திருத்திக் கொடுத்தேன்.

"பறைக்கு இங்கிலீஷ்ல என்ன சார்?"

பறை என்றே சொல்லும்மா என்றேன். நம்ம மக்களின் பெயரை எடுத்துத்தான், ஒதுக்கப்பட்டவன் என்பதற்கு 'பரையா' என்று ஒரு வார்த்தை செய்துகொண்டது அந்த மொழி. ஆளின் பெயரை வசையாக எடுத்துக்கொண்டவர்கள், மேளத்தின் பெயரை மரியாதையோடு கேட்டுக்கொள்ளட்டும்.