எந்த அரசாங்கத்துக்கு ரயில் ஓட்டத் தெரியும்?

"அரசாங்கத்துக்கு ரயில் ஓட்டத் தெரியாது, தனியாரிடம் கொடுத்தால்தான் உருப்படும்" என்று அடித்துப் பேசும் நண்பர்கள் ஆஸ்திரேலியாவைக் கைகாட்டுகிறார்கள். "மெல்பர்னைப் பாருங்கள், ரயிலும் டிராமும் தனியார் கையில்தானே?" என்கிறார்கள். சரி, மெல்பர்னையே பார்ப்போம்.

விக்டோரியா மாநிலத்தில் ஜெஃப் கென்னட் முதல்வராக இருந்தபோது, 1999இல், ரயிலையும் டிராமையும் ஐந்து துண்டுகளாக்கித் தனியாரிடம் ஒப்படைத்தார்கள். பயணிகள் பெருகுவார்கள், அரசு கொடுக்கும் மானியம் வருடா வருடம் குறையும் என்பது கணக்கு. காகிதத்தில் அழகாகத்தான் இருந்தது. நான்கு வருடம்கூட ஆகவில்லை. 2002 டிசம்பரில் நேஷனல் எக்ஸ்பிரஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனி, கட்டுப்படியாகவில்லை என்று கையை உதறிவிட்டுப் போய்விட்டது. அதனிடம் இருந்தவை நகர ரயிலில் ஒரு பாதி, டிராமில் ஒரு பாதி, வெளியூர் ரயில்கள். எல்லாவற்றையும் தாங்கிப் பிடித்தது மாநில அரசுதான். 2004இல் போட்ட புதிய ஒப்பந்தங்களில் மானியமும் கூடியது.

கோப்புகளோடு காலம் தள்ளியவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். கட்டட ஒப்பந்தக்காரர் பாதியில் ஓடிவிட்டால் மறு டெண்டர் விடலாம். அரைகுறைச் சுவர் ஆறு மாதம் காத்திருக்கும். காலை ஏழு மணி ரயிலுக்கு நிற்கும் ஜனங்கள் காத்திருப்பார்களா? அது கம்பெனிக்கும் தெரியும். ஆகவே லாபம் வந்தால் அவர்களுக்கு, நஷ்டம் வந்தால் கஜானாவுக்கு.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. 2009 முதல் மெல்பர்ன் நகர ரயில்களை ஓட்டும் கூட்டு நிறுவனத்தில் 60 சதவீதப் பங்கு ஹாங்காங்கின் எம்.டி.ஆர். கம்பெனிக்கு. அந்தக் கம்பெனியின் பெரும்பங்கு ஹாங்காங் அரசிடம்! 2009 முதல் 2024 வரை டிராம்களை ஓட்டிய கூட்டில் இருந்தது கெயோலிஸ். அதன் பெரும்பங்கு எஸ்.என்.சி.எஃப். கையில். என்னைப் போல் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களுக்கு அது யாரென்று சொல்ல வேண்டாம்: பிரான்ஸ் அரசின் ரயில்வே!

ஆக, உள்ளூர் அரசுக்கு ரயில் ஓட்டத் தெரியாதாம், வெளியூர் அரசுக்குத் தெரியுமாம். இது என்ன நியாயம்?

புதுக் கம்பெனிகள் வந்து எதுவுமே முன்னேறவில்லை என்று நான் வாதாடவில்லை. ஆனால் கட்டணத்தை முடிவு செய்வது யார்? புதிய பாதைக்குப் பணம் போடுவது யார்? மாநில அரசுதான். கம்பெனி விட்டுப்போன வெளியூர் ரயில்கள் 'வி/லைன்' என்ற பெயரில் இன்றுவரை அரசிடமே ஓடுகின்றன. 2023 மார்ச் 31 முதல், மெல்பர்னுக்குள் ஒரு நாளைக்கு எவ்வளவு உச்சக் கட்டணமோ அதே கட்டணத்தில் முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ஸ்வான் ஹில் ஊருக்கும் போகலாம். லாபக் கணக்குப் பார்க்கும் கம்பெனி தானாக இப்படி ஒரு முடிவு எடுத்திருக்குமா?

பக்கத்துத் தெற்கு ஆஸ்திரேலியா இன்னும் சீக்கிரம் விழித்துக்கொண்டது. 2021இல் அடிலெய்டு ரயில்களைத் தனியாரிடம் கொடுத்தார்கள். ஆட்சி மாறியது. 2025 ஜனவரியில் மாநில அரசே திரும்ப எடுத்துக்கொண்டது.

அரசு ஊழியர் சோம்பேறி என்று திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன். திருத்துங்கள், இன்னும் நல்லது. ஆனால் விற்றுவிட்டால் சரியாகிவிடும் என்று சொல்ல வரும்போது மட்டும் தயவுசெய்து மெல்பர்னைச் சாட்சிக்கு அழைக்காதீர்கள். அந்தச் சாட்சி உங்களுக்கு எதிராகத்தான் பேசும்.