உரிமையாளன் என்றொரு பட்டம்!

தோழா!

பட்டங்கள் பலவகை. பாடுபட்டுப் படித்துப் பெறும் பட்டம் ஒருவகை. பணத்தை அள்ளி வீசி வாங்கும் பட்டம் மற்றொரு வகை. கேளாமலே தலையில் கட்டிவிடும் பட்டம் மூன்றாம் வகை. கல்லூரியைப் பாதியிலே விட்டு வந்தவன் நான்; முதல் வகை எனக்கில்லை; ஆகவே மற்ற இரண்டையும் எங்கே கண்டாலும் நின்று உற்றுப் பார்ப்பது என் வழக்கம். அமெரிக்க நாட்டு நெடுஞ்சாலையிலே, பதினெட்டுச் சக்கரம் பூண்ட பார லாரியை ஓட்டுகிறானே, அவனுக்கு அந்த மூன்றாம் வகைப் பட்டம் ஒன்று சூட்டியிருக்கிறார்கள். உரிமையாளர்-ஓட்டுநர்! வண்டியும் அவனுடையதாம், வழியும் அவனுடையதாம், தனக்குத் தானே எசமானனாம்!

உண்மைதானா? அவன் புதுவண்டி வாங்கச் செல்லும் நாளிலே உடன் சென்று பார்ப்போம், வா. ஒருவன் எதற்கு உரியவன், எதற்கு அடிமை என்பதை, அவன் கடன்பத்திரத்தில் கையெழுத்திடும் இடத்திலே அறிவதுபோல் வேறெங்கும் அறிய முடியாது.

முதலில் வண்டியைப் பற்றிச் சில சொற்கள். முன்னே இழுக்கும் தலைவண்டி வேறு; பின்னே சரக்கேற்றும் டிரெய்லர் வேறு. இரண்டும் சரக்குமாகச் சேர்ந்து 80,000 பவுண்டு வரை பெருஞ்சாலையில் செல்லலாம் என்பது கூட்டாட்சிச் சட்டம். நம் கணக்கில் 36 டன்னுக்குச் சற்று மேல். தனி ஓட்டுநன் பெரும்பாலும் வாங்குவது தலைவண்டியைத்தான். இருக்கைக்குப் பின்னே படுக்கை. பல இரவுகளுக்கு அதுவே அவன் வீடு. பிரைட்லைனர், வெஸ்டர்ன் ஸ்டார், கென்வொர்த், பீட்டர்பில்ட், வால்வோ, மாக், இண்டர்நேஷனல் என்று பெயர்கள் பல. ஆனால் பெயர்ப்பலகையைச் சற்றே சுரண்டிப் பார்! கென்வொர்த்தும் பீட்டர்பில்ட்டும் பக்கார் என்ற ஒரே நிறுவனத்தின் பிள்ளைகள். பிரைட்லைனரும் வெஸ்டர்ன் ஸ்டாரும் டெய்ம்லர் வீட்டுப் பிள்ளைகள். மாக்கும் வால்வோவும் ஒரே குடும்பம். இண்டர்நேஷனலை 2021-இல் ஜெர்மனியின் டிராட்டன் வாங்கிவிட்டது. ஏழு கடைகள் இருப்பதாகத் தோன்றும் அந்தக் கடைவீதியிலே, கல்லாப்பெட்டிகள் நாலே நாலு!

வாங்க வருவோர் யார்? ஆயிரக்கணக்கில் வண்டி வைத்திருக்கும் பெருநிறுவனங்கள் ஒருபுறம். நூறு வண்டிகளை ஒரே கையெழுத்தில் வாங்கக்கூடிய அவர்களுக்கு எந்தக் கதவும் திறக்கும். மறுபுறம், ஒற்றை வண்டி வாங்க வந்த ஒற்றை மனிதன். அவனுக்குத் துணையாக வந்திருப்பது கையிலுள்ள கணக்கு நோட்டு ஒன்றுதான்.

நாடகம் எழுதிப் பிழைப்பவன் நான். ஆகவே சொல்கிறேன், முகவர் கடையின் மேசைக் காட்சியை அமைத்தவன் பெரும் கெட்டிக்காரன்! மேடையிலே இருவர்: வாங்க வந்தவன், விற்பனையாளன். திரைக்குப் பின்னே ஒருவர், மேலாளர். அவர் மேடைக்கு வருவதில்லை. ஆனால் வசனமெல்லாம் அவருடையது. ஓட்டுநன் ஒரு தொகை சொல்கிறான். விற்பனையாளன் முகத்தைச் சுருக்குகிறான், தாளை எடுக்கிறான், "உள்ளே கேட்டு வருகிறேன்" என்று எழுந்து போகிறான். பத்து நிமிடம் கழிகிறது. சுவரிலே பளபளக்கும் வண்டிப் படங்கள். கோப்பையிலே ஆறிப்போன காப்பி. திரும்பி வருகிறான், "உங்களுக்காகப் போராடி ஆயிரம் டாலர் குறைத்துவிட்டேன்!" என்று. குறைக்கும் அதிகாரம் உள்ளவனோடு பேச வழியில்லை; பேச வழியுள்ளவனுக்குக் குறைக்கும் அதிகாரமில்லை. மனுவைச் சுமந்துகொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிய உனக்கு, தோழா, இந்தக் காட்சி புதிதா என்ன! விற்பனையாளனைத் தூற்ற நான் வரவில்லை. அவனும் கழிவுத்தொகையிலே குடும்பம் நடத்துபவன்.

அடுத்த வசனம் கேள்: "மாதம் எவ்வளவு கட்ட முடியும் உங்களால்?"

அன்பு ததும்பும் கேள்வி! அக்கறை சொட்டும் கேள்வி! ஆனால், இதற்கு விடை சொன்னவன் பேரத்தை அங்கேயே தோற்றான். கணக்கைப் பார். 1,50,000 டாலர் கடன், ஆண்டுக்கு 9 விழுக்காடு வட்டி என்று வைத்துக்கொள். 60 மாதத்தில் தீர்ப்பதானால் தவணை ஏறத்தாழ 3,114 டாலர். "அவ்வளவு தாங்காதே" என்கிறான் ஓட்டுநன். "கவலை வேண்டாம், 2,413 ஆக்கித் தருகிறோம்" என்கிறார்கள். எப்படி? விலையைக் குறைத்தா? வட்டியைக் குறைத்தா? இரண்டும் இல்லை; தவணையை 84 மாதமாக நீட்டி! மாதந்தோறும் 700 டாலர் மிச்சம் என்று மகிழ்ந்து வீடு திரும்புகிறான்; மொத்தத்திலோ, ஏறத்தாழ 16,000 டாலர் கூடுதலாகக் கட்டப்போகிறான். அதுவும் எந்த ஆண்டுகளில்? ஆறாம் ஆண்டிலும் ஏழாம் ஆண்டிலும். உத்தரவாதம் முடிந்து, இயந்திரம் செலவு கேட்கத் தொடங்கிய ஆண்டுகளில். பழுதுக்கும் பணம், பழங்கடனுக்கும் பணம்!

ஆகவேதான் அடிபட்டுத் தேர்ந்த ஓட்டுநன், மாதத் தவணையைப் பற்றி வாய் திறப்பதில்லை. மைல் கணக்கைப் போட்டுக்கொண்டு வருகிறான். ஆண்டுக்கு ஒரு லட்சம் மைல் ஓடினால், 3,114 டாலர் தவணை மைலுக்கு 37 சென்ட் ஆகிறது. எண்ணெய், காப்பீடு, டயர், பழுது, ஓட்டுபவனின் கூலி அனைத்தும் சேர்த்து, 2024-ஆம் ஆண்டில் ஒரு மைல் ஓட்ட 2.26 டாலர் ஆயிற்று என்று அந்நாட்டுப் போக்குவரத்து ஆய்வு நிலையம் கணக்கிட்டுள்ளது. வாடகை அதற்குக் கீழே இறங்கிவிட்டால், ஓடுவதைவிட நிற்பதே இலாபம். ஆனால் நின்றால் தவணை நிற்குமா?

வரும்போதே வங்கியிடம் கடனுக்கு ஒப்புதல் வாங்கி வருகிறான். இரண்டு மூன்று ஊர்களின் விலைப்பட்டியலைக் கையில் வைத்திருக்கிறான். வரி, பதிவு, ஆவணக் கட்டணம் எல்லாம் சேர்த்து, வண்டி வாசலைத் தாண்டும்போது கொடுக்கவேண்டிய கடைசித் தொகை எவ்வளவு என்று எழுத்திலே கேட்கிறான். அது முடிந்த பிறகே பழைய வண்டியின் பேச்சு. அதற்கும் பிறகே கடனின் பேச்சு. மூன்றையும் ஒன்றாகக் கலந்தால் கடைக்காரருக்குக் கொண்டாட்டம்! ஒரு பக்கம் கொடுத்ததை மறுபக்கம் எடுக்கலாம் அல்லவா? "உங்கள் பழைய வண்டிக்குப் பத்தாயிரம் கூட்டித் தருகிறோம்" என்பார்கள். புது வண்டியின் விலையிலே அதே பத்தாயிரம் ஏறியிருக்கும்.

இந்த ஏற்றம் வெறும் ஏமாற்றோடு முடிவதுமில்லை. ஏனெனில் புதிய பார லாரியின் விலைமீது கூட்டாட்சி அரசுக்கு 12 விழுக்காடு தீர்வை உண்டு. 1,75,000 டாலர் வண்டிக்கு 21,000 டாலர்! விலைச்சீட்டிலே பத்தாயிரம் ஏறினால், தீர்வையிலே 1,200 ஏறுகிறது. லாரிக்கு இத்தகைய தீர்வையை முதன்முதல் விதித்தது 1917-இல். உலகப் போருக்குப் பணம் திரட்ட, 3 விழுக்காடு. இன்று அது நெடுஞ்சாலை நிதிக்குச் செல்கிறது. முதல் விற்பனைக்கு மட்டுமே இந்தத் தீர்வை; பழைய வண்டி கைமாறும்போது இல்லை. நுணுக்கங்கள் வேறு உண்டு. இரவில் பெரிய இயந்திரத்தை ஓடவிடாமல் படுக்கையறையைக் குளிர்விக்கும் சிறு கருவிக்குத் தீர்வை விலக்கு உண்டு. அதன் விலையைத் தனியே எழுதச் சொல்லத் தெரிந்தவனுக்கு அது இலாபம். "தீர்வையை ஏய்க்க, மற்ற உபகரணங்களை அப்புறம் பூட்டிக்கொள்கிறேன்" என்றால் நடக்காது. ஆறு மாதத்திற்குள் 1,000 டாலருக்கு மேல் பூட்டினால் அதற்கும் வரி.

சாலைக்கு வரி வேண்டாம் என்பவன் அல்லன் நான். எரித்த டீசலுக்கு வரி வாங்கு, கேலனுக்கு 24.4 சென்ட் வாங்கத்தான் செய்கிறார்கள். சுமந்த பாரத்துக்கு வரி வாங்கு. ஆண்டுக்கு 550 டாலர் வரை அதையும் வாங்குகிறார்கள். இன்னும் ஓர் அடிகூட ஓடாத வண்டிக்கு, கடன் வாங்கிய பணத்திலிருந்து 21,000 பறிப்பது எந்த நியாயம்? அந்தத் தீர்வைக்கும் அல்லவா அவன் வட்டி கட்டுகிறான்! புகை குறைந்த புது வண்டி வாங்கு என்று ஒரு வாயால் உபதேசம். வாங்கினால் தண்டம் என்று மறுவாயால் மிரட்டல்.

விலையில் ஆயிரம் இரண்டாயிரம் குறைப்பதுதான் பேரம் என்று எண்ணிவிடாதே. வண்டியின் வயிற்றிலே இருக்கிறது பெரிய பேரம். கேலனுக்கு ஆறரை மைல் ஓடும் வண்டி, ஒரு லட்சம் மைலுக்கு 15,385 கேலன் குடிக்கும். ஏழரை மைல் ஓடும் வண்டியோ 13,333. கேலன் நாலு டாலர் என்றால், ஆண்டுக்கு 8,200 டாலர் வேறுபாடு! பின் அச்சின் பல்சக்கர விகிதம் என்ன, தான் ஓடப்போவது சமவெளியா மலையா, காற்றைக் கிழிக்கும் முகமா காற்றோடு மல்லுக்கு நிற்கும் முகமா என்று கேட்பவனிடம் விற்பனையாளன் நிமிர்ந்து உட்காருகிறான். நீண்ட மூக்கும் நிக்கல் பூச்சுமாக நிற்கும் வண்டி கண்ணுக்கு அழகு. அந்த அழகுக்கு ஆண்டுதோறும் எண்ணெய்க் கப்பம். அழகிலே மயங்கி வாங்குவோரும் உண்டு. சாலையிலே தனியே கிடப்பவனுக்கு அது ஒன்றுதானே ஆடம்பரம் என்று நினைக்கும்போது, எனக்குக் கோபம் வருவதில்லை.

எல்லாம் சரி, அவன் கையிலுள்ள உண்மையான ஆயுதம் எது? எழுந்து போகும் உரிமை! அது யாருக்கு உண்டு? வாசலில் நிற்கும் பழைய வண்டி இன்னும் ஓடுகிறதே, அவனுக்கு. நேற்று இயந்திரம் வெடித்து, நாளை சரக்கேற்ற ஒப்புக்கொண்டு, சேமிப்பு ஏதுமின்றி வந்து உட்கார்ந்தவனுக்கு இல்லை. வங்கி கதவைச் சாத்திவிட்டவனுக்கு நிச்சயமாக இல்லை.

அப்படிப்பட்டவனுக்காகவே விரித்து வைத்த வலையொன்று உண்டு. 'முன்பணம் வேண்டாம், கடன் தகுதி வேண்டாம், எங்கள் வண்டியைக் குத்தகைக்கு எடு, ஓட்டு, கடைசியில் உனக்கே சொந்தம்' என்று அழைக்கிறார்கள் சரக்கு நிறுவனங்கள். வண்டி கொடுப்பவரும் அவரே. சரக்கு கொடுப்பவரும் அவரே. வாரக்கூலியிலிருந்து குத்தகை, எண்ணெய், காப்பீடு எல்லாம் கழித்துக்கொள்பவரும் அவரே! சில வாரம் கழிவு போக மிஞ்சுவது ஒன்றுமில்லை. மனம் வெறுத்து இறங்கிப் போனால், அதுவரை கட்டியது போச்சு; அதே வண்டி அடுத்த 'உரிமையாளனுக்கு'க் காத்திருக்கும். இங்கே பேரம் பேச மேசையே கிடையாது, தோழா! 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இதை ஆராய அமைத்த அரசுக் குழு, 2025 ஜனவரியில் தந்த அறிக்கையில், இந்தக் குத்தகைக் கொள்முதல் முறையையே தடைசெய்க என்று பரிந்துரைத்தது. 2019 ஜனவரியில் அந்நாட்டு உச்சநீதிமன்றமும், தன்னைச் சுயதொழிலன் என்று எழுதி வாங்கிக்கொண்ட நிறுவனத்தின் மீது ஓர் ஓட்டுநன் தொடுத்த வழக்கில், அவனைத் தனியார் நடுவரிடம் துரத்த 1925-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்ட முடியாது என்று தீர்ப்பளித்தது. பட்டத்தைக் கட்டிவிட்டால் நீதிமன்றப் படியேறும் உரிமை போய்விடும் என்று கணக்குப் போட்டவர்கள் முகத்திலே கரி!

'இவர்கள் ஒன்றுகூடக் கூடாதா?' என்று நீ கேட்பாய். கூடினார்கள். 1973 டிசம்பரில், எண்ணெய் நெருக்கடியின்போது, ஒகையோவிலும் பென்சில்வேனியாவிலும் நெடுஞ்சாலை நடுவே லாரிகளை நிறுத்தி நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தார்கள். அந்த ஆண்டிலேதான் அவர்கள் சங்கமும் பிறந்தது. ஆனால், தொழிலாளி கூடிக் கூலி பேசினால் அது உரிமை. 'உரிமையாளர்கள்' கூடி வாடகை இவ்வளவு என்று முடிவு கட்டினால், 1890-ஆம் ஆண்டின் ஷெர்மன் சட்டம் அதைச் சதி என்கிறது. 1980-இல் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம், வாடகைக்கிருந்த அரசுக் கட்டுப்பாட்டையும் தளர்த்திவிட்டது. பட்டத்தின் பயன் புரிகிறதா? உரிமையாளன் என்ற சொல்லைச் சூட்டியே, கைகோக்கும் உரிமையைக் கழற்றிக்கொண்டார்கள்!

மேசைக்குத் திரும்புவோம், நம்மவன் இன்னும் அங்கேதான் இருக்கிறான். தாள்களைப் புரட்டுகிறான். வண்டியின் உரிமைச்சீட்டிலே எவர் பெயர், எவருடைய பற்று, கடனை முன்கூட்டியே தீர்த்தால் தண்டம் உண்டா, உத்தரவாதத்திலே எது அடங்கும், எது அடங்காது என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறான். இரண்டுக்கு விடை இல்லை. நோட்டை மூடுகிறான். "பழைய வண்டி இன்னும் ஓராண்டு ஓடும், திங்கட்கிழமை பேசுவோம்" என்று தொப்பியை எடுத்துக்கொண்டு எழுகிறான். விற்பனையாளன் உள்ளே ஓடுகிறான். இம்முறை, மேலாளரே வெளியே வருகிறார்.