ஐம்பத்தாறில் ஒருவர்

அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் ஒப்பமிட்டவர்கள் 56 பேர். அத்தனை பேரின் கையெழுத்தையும் சேர்த்துவிட வேண்டும் என்பது அங்குள்ள சேகரிப்பாளர்களின் பழைய பித்து. பலர் முட்டி நிற்பது பட்டன் க்வின்னெட் என்ற ஜார்ஜியாக்காரரிடம்.

வணிகத்தில் நொடித்த மனிதர். 1776-இல் ஒப்பமிட்டார், மறு ஆண்டே லாக்லன் மெக்கின்டோஷ் என்பவருடன் துப்பாக்கிச் சண்டையிட்டுக் காயம்பட்டு இறந்தார். அவர் கைபட்ட தாள்கள் சொற்பம். அவற்றிலும் கடன் சீட்டுகள் உண்டு. வாழ்ந்தபோது அந்தக் கையெழுத்தை நம்பிக் கடன் கொடுத்தவர்கள் பாவம்! 2010-இல் நியூயார்க் ஏலத்தில் அவருடைய கையெழுத்து ஒன்று 7 லட்சம் டாலரைத் தாண்டியது.

பிரகடனத்தை எழுதிய ஜெபர்சனின் கடிதங்கள் பல இதைவிட மலிவாகவே கைமாறுகின்றன. அவற்றில் படிக்க விஷயமாவது இருக்கிறது. வெறும் பெயருக்கு இத்தனை லட்சம் கொட்டுவதைச் சேகரிப்பு என்பதைவிடக் கட்டம் நிரப்பும் விளையாட்டு எனலாம்.