உபரி யாருக்கு?

கபினிக் கரையிலுள்ள நஞ்சன்கூட்டின் ரசபாளெ வாழைக்குப் புவிசார் குறியீடு உண்டு. அதை விளைவிப்பவருக்குக் கட்டுபடியான விலை கிடைக்கும் என்ற உத்தரவாதம்தான் இல்லை. ஆதரவு விலையைச் சட்டமாக்கக் கோரும் விவசாயிகளிடம், நீங்களே கம்பெனி உடைமையாளர் ஆகுங்கள் என்கிறது ஒன்றிய அரசு. 2020-இல் 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகளுக்கான திட்டம் வந்தது. ஒவ்வொன்றுக்கும் மூன்றாண்டு நிர்வாகச் செலவுக்கு அதிகபட்சம் 18 லட்சம் ரூபாய். பங்குத்தொகைக்கு ஈடாக உறுப்பினருக்கு 2,000 ரூபாய் வரை, மொத்தம் 15 லட்சத்துக்கு மிகாமல். அதன்பின் சந்தை விட்ட வழி!

அதற்காக இந்நிறுவனங்களைப் புறக்கணிக்கலாமா? கூடாது. 2002-இல் கம்பெனிச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட பிரிவுகள் கூட்டுறவுக் கொள்கையின் சாயல் கொண்டவை. தனிநபர் உறுப்பினருக்குப் பங்கு எத்தனை இருந்தாலும் ஒரே வாக்கு. பங்கு மூலதனத்துக்கு வரம்புக்குட்பட்ட ஆதாயம் மட்டுமே. காப்புநிதி போக மிஞ்சும் உபரியை, நிறுவனத்துடன் செய்த வணிகத்தின் அளவுக்கேற்பப் போனஸாகப் பகிரலாம்.

ஓட்டைகளும் அதே சட்டத்தில்தான் உள்ளன. விளைபொருளுக்கு முதலில் தரும் விலையை இயக்குநர் குழு தீர்மானிக்கும். பிடித்துவைத்த மீதியைப் பின்னர் பணமாகவோ, பொருளாகவோ, பங்காகவோ தரலாம். நிர்ணயித்த அளவு வணிகம் செய்யாதவரின் வாக்குரிமையை விதிமுறைகள் வழியே பறிக்கலாம். பத்து ஏக்கர்காரருக்குப் போனஸும் வாக்கும். அரை ஏக்கர்காரருக்கு வெறும் பங்குப் பத்திரம். தார் வெட்டிச் சுமக்கும் கூலித் தொழிலாளிக்கு அதுவும் இல்லை.

இந்தச் சீரழிவை மார்க்ஸ் 1866-லேயே எச்சரித்தார். ஜெனீவா மாநாட்டுப் பிரதிநிதிகளுக்கான குறிப்பில் அவர் வகுத்த வழி தெளிவானது: பங்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் உழைப்போர் அனைவருக்கும் சமபங்கு; பங்குத்தொகைக்குக் குறைந்த வட்டி, அதுவும் தற்காலிகமாக; வருமானத்தில் ஒரு பகுதி கூட்டுறவுக் கொள்கையைப் பரப்ப. கர்நாடகத்துக்கும் இது புதிதல்ல. காபி வாரியம் காபி ஹவுஸ்களை மூட முற்பட்டபோது, தோழர் ஏ.கே. கோபாலனின் வழிகாட்டலில் தொழிலாளர்கள் 1957-இல் பெங்களூருவில் கூட்டுறவுச் சங்கம் அமைத்துத் தாங்களே நடத்திக் காட்டினர்.

எனவே நம் கோரிக்கைகள் இவை: பிடித்துவைக்கும் விலைக்கு உச்சவரம்பும் கெடுவும் விதிமுறையிலேயே எழுதப்பட வேண்டும்; வாக்குரிமையில் கைவைக்கக் கூடாது; உபரியில் கூலித் தொழிலாளருக்கும் பங்கு வேண்டும்; கணக்குகள் உறுப்பினரின் தாய்மொழியில் பொதுப்பேரவையில் வாசிக்கப்பட வேண்டும். தேனி, திருச்சி வாழை விவசாயிகளின் நிறுவனங்களுக்கும் இதே சட்டம்தான். தோழர்களே, பேரவைகளுக்குள் செல்வோம். ஆதரவு விலைக்கான போராட்டமும் உபரிக்கான போராட்டமும் ஒன்றே.