நெல்லுக்கு மறுத்த நீர் புல்லுக்கா?

2024 மார்ச் மாதத்தைப் பெங்களூரில் உழைத்துப் பிழைக்கும் நம் குடும்பங்கள் மறந்திருக்க முடியாது. மாநகரில் அரசு தோண்டிய 13,900 ஆழ்துளைக் கிணறுகளில் ஏறத்தாழ 6,900 வற்றிப்போயின என்று அரசே அறிவித்தது. லாரித் தண்ணீரின் விலை ஏறிற்று. நம் தாய்மார்கள் வேலைக்குப் புறப்படும் நேரத்தில் குடங்களோடு வரிசையில் நின்றார்கள். தண்ணீருக்கு நின்று கூலியை இழந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்!

அந்த மாதத்தில்தான் குடிநீர் வாரியம் ஓர் ஆணை பிறப்பித்தது. கார் கழுவ, தோட்டத்துக்குப் பாய்ச்ச, கட்டட வேலைக்கு, நீரூற்றுக்குக் குடிநீரைப் பயன்படுத்தக் கூடாது. மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்றது. அந்த ஆணையை நாம் வரவேற்கிறோம். ஆனால் ஒரு கேள்வி: குழாய் காய்ந்த பிறகுதான் இந்த ஞானம் வர வேண்டுமா? மழை பெய்தவுடன் மறந்துவிட வேண்டுமா?

லான் என்கிற இந்தப் புல்வெளி எங்கிருந்து வந்தது? இங்கிலாந்திலிருந்து வந்தது. அங்கே பன்னிரண்டு மாதமும் தூறல் உண்டு, வெயில் மென்மையானது. ஆகவே அங்கே புல் தானாகப் பசுமையாக நிற்கிறது. வெள்ளைக்காரன் அந்த ஆசையைத் தன் பங்களாவுக்குக் கொண்டுவந்தான். அவன் போய்விட்டான், ஆசை மட்டும் போகவில்லை. பெங்களூரில் பெருமழை பெய்வது மே முதல் அக்டோபர் வரைதான். ஜனவரியிலிருந்து மார்ச் வரை வானம் ஏறக்குறைய வறண்டு கிடக்கும். அந்த மாதங்களிலும் பச்சைக் கம்பளம் வேண்டுமென்றால் அதற்கு யாருடைய தண்ணீரையோதான் எடுத்து ஊற்ற வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கோடையில் புல் வாடாமலிருக்க ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்குச் சுமார் 5 லிட்டர் வேண்டும். பத்து சென்ட் புல்வெளி என்றால் 400 சதுர மீட்டர்; நாளுக்கு 2,000 லிட்டர். நகரத்து மனிதன் ஒருவனுக்கு அரசு வகுத்துள்ள அளவு 135 லிட்டர். அப்படியானால் ஒரு பத்து சென்ட் புல் பதினைந்து பேரின் பங்கைக் குடிக்கிறது. அந்தப் புல்லை ஆடு மேய்வதில்லை, மாடு மேய்வதில்லை. பல இடங்களில் "மிதிக்காதே" என்று பலகை வேறு!

பெங்களூருக்கு வரும் காவிரித் தண்ணீர் சும்மா வருவதில்லை. சுமார் 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து, ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்துக்கு, மின்சாரம் செலவழித்து ஏற்றப்படுகிறது. இன்னொன்றையும் நாம் மறக்கலாகாது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கை 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25 ஆகக் குறைத்தது. குறைத்த 14.75 டி.எம்.சி.யில் 4.75 பெங்களூர் மக்களின் குடிநீருக்கு என்று சொல்லப்பட்டது. தாகத்துக்குத் தண்ணீர் கொடுப்பதை நாம் ஒருநாளும் எதிர்க்க மாட்டோம். அந்தத் தண்ணீரைக் குடிப்பவர்களில் நாமும் இருக்கிறோம். ஆனால் தஞ்சை நெல்லுக்கு மறுத்த நீரில் ஒரு குடமாவது பங்களாப் புல்லுக்குப் போனால் அது யாருக்கு நியாயம்? காவிரிச் சண்டை மூண்டால் அடிபடுவது யார்? 1991லும் 2016லும் பார்த்தோம். புல்வெளிக்காரர் வீட்டுக் கண்ணாடியா உடைந்தது? இது தமிழர், கன்னடர் சண்டையும் அல்ல. குடத்தோடு நம் பக்கத்தில் வரிசையில் நின்றவர் கன்னடத் தொழிலாளிதான்.

காவிரி ஐந்தாம் கட்டம் 2024 அக்டோபரில் வந்துவிட்டது, நாளுக்கு 77.5 கோடி லிட்டர் கூடுதலாகக் கிடைக்கும், இனிக் கவலை இல்லை என்பார்கள். அதுவும் அதே ஆறுதானே! மழை பொய்த்த ஆண்டில் ஆறு எங்கிருந்து கொடுக்கும்? 2023இல் கர்நாடகத்தின் 236 தாலுகாக்களில் 223 வறட்சியில் சிக்கியதை அதற்குள் மறந்தார்களா?

சுத்திகரித்த கழிவுநீரைத்தான் பாய்ச்சுகிறோம் என்பார் சிலர். நல்லது. குடிநீரைவிட அது மேல்தான். ஆனால் அந்த நீருக்கும் வேலை இருக்கிறது. 2018 முதல் பெங்களூரின் சுத்திகரித்த நீர் கோலார் மாவட்டத்து ஏரிகளுக்குப் போகிறது. நம் தங்கவயல் மக்களுக்குக் கோலாரின் வறட்சி தெரியும். சுரங்கம் 2001இல் மூடப்பட்ட பின் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்கு வருகிறவர்கள் அவர்கள். புல்லுக்கு ஊற்றும் நீர் ஓர் ஏரிக்கோ, மரத்துக்கோ, கட்டட வேலைக்கோ போனால் அந்த அளவுக்கு நல்ல நீர் மிஞ்சும்.

தோட்ட வேலை செய்யும் நம் தோழர்கள் கேட்பார்கள்: "லான் போனால் எங்கள் பிழைப்பு?" நியாயமான கேள்வி. புல்லை எடுத்துவிட்டு சிமெண்ட் பூசச் சொல்லவில்லை. அது இதைவிடக் கேடு. மழைநீர் மண்ணுக்குள் இறங்காது. புங்கும் வேம்பும் நிழலுக்கு, நொச்சியும் ஆவாரையும் வேலியோரத்துக்கு, அரளியும் காகிதப்பூவும் நிறத்துக்கு, கற்றாழை காய்ந்த மூலைக்கு. வேர் பிடித்துவிட்டால் இவை வாரம் ஒரு தண்ணீரில், அதுவும் இல்லாமலும் தாங்கும். அடியில் சருகு மூடாக்குப் போட்டால் ஈரம் நிற்கும். புல்லே வேண்டுமா? அருகம்புல் இருக்கிறது, கோடையில் பழுக்கும், முதல் மழையில் துளிர்க்கும். கவாத்து, மூடாக்கு, நாற்று, மழைக்குழி என்று இதற்கும் கை வேண்டும். கைத்தொழில் தெரிந்தவனுக்குக் கூலியும் கூட வேண்டும். இவற்றின் குணம் ஊரில் மண்ணைக் கிளறிய நமக்கா தெரியாது?

ஆகவே நாம் கேட்பது: தோட்டத்துக்குக் குடிநீர் கூடாது என்பது கோடைக்கு மட்டுமல்ல, ஆண்டு முழுவதும் நிற்க வேண்டும். அரசு அலுவலக வளாகங்களே முதலில் புல்லைக் குறைத்து வழிகாட்ட வேண்டும். அபராதம் சிறு வீட்டுக்கும் பெரிய வளாகத்துக்கும் ஒரே 5,000 ஆக இல்லாமல் நிலத்தின் அளவுக்கு ஏற ஏற உயர வேண்டும். தோட்டத் தொழிலாளருக்குப் புதிய முறையில் பயிற்சியும் நியாயமான கூலியும் வேண்டும்.

தோழர்களே! வார்டுக் கூட்டத்திலும் தொழிற்சங்கத்திலும் இதைப் பேசுங்கள். கன்னடத் தோழர்களையும் அழைத்துக்கொண்டு பேசுங்கள். அடுத்த மார்ச் வருமுன் பேசுங்கள்.